வளைவில் முந்தியவர் யார்?

2024 அக்டோபர் 20 அன்று டெக்சஸின் ஆஸ்டினில் நடந்த அமெரிக்க கிராண்ட் ப்ரீ ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தின் 52-வது சுற்று. மூன்றாம் இடத்தில் இருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை 12-வது வளைவில் வெளிப்பக்கமாக முந்தப் பார்த்தார் லாண்டோ நாரிஸ். உள்பக்கம் இருந்த வெர்ஸ்டாப்பன் பிரேக்கைத் தாமதமாக அழுத்தி, ஏபெக்ஸ் எனப்படும் வளைவின் உள்முனைக்கு முதலில் வந்துவிட்டார். வந்த வேகத்தில் காரைத் திருப்பித் தடத்துக்குள் நிறுத்த அவராலும் முடியவில்லை. இருவருமே வெள்ளைக்கோட்டைத் தாண்டினார்கள், மீண்டபோது நாரிஸ் முன்னால் இருந்தார். தடத்தை விட்டு வெளியேறி ஆதாயம் அடைந்தார் என்று நாரிஸுக்கு மட்டும் 5 விநாடி தண்டனை. மூன்றாவதாக இறுதிக் கோட்டைக் கடந்தவர் நான்காம் இடத்துக்கு இறங்கினார்.

நடுவர்கள் விதியை மீறவில்லை. ஏபெக்ஸில் நாரிஸ் இணையாக இல்லை, ஆகவே அவருக்கு இடம்விட வேண்டிய கடமை எதிராளிக்கு இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த அளவுகோல் ஏன் பிறந்தது? முன்னால் இருப்பவர் வளைவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்பதற்கு அது ஓர் அடையாளம். பிரேக்கை விட்டுவிட்டால் யாரும் ஏபெக்ஸுக்கு முதலில் போய்ச் சேரலாம். அப்போது அடையாளம் இருக்கும், அது காட்ட வேண்டிய கட்டுப்பாடு இருக்காது. விதியின் எழுத்தைக் கொண்டே விதியின் நோக்கத்தைத் தோற்கடித்தவரை நிரபராதி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அடுத்த வாரமே மெக்சிகோவில் நாரிஸை ஒரு வளைவில் வெளியே தள்ளியதற்கும், அதே சுற்றில் தடத்துக்கு வெளியே ஆதாயம் அடைந்ததற்கும் வெர்ஸ்டாப்பனுக்குத் தலா 10 விநாடி தண்டனை விழுந்தது. அவர் ஓட்டும் விதம் ஒரு வாரத்தில் மாறிவிட்டதா என்ன? மெக்சிகோவின் முதல் சம்பவத்தில் ஏபெக்ஸில் முன்னால் இருந்தவர் நாரிஸ், அவ்வளவுதான்.

உள்நோக்கத்தைத் துருவப் போனால் நடுவரின் மனம்போல் தீர்ப்பு வரும், நடுவர் குழுவோ பந்தயத்துக்குப் பந்தயம் மாறுவது என்பார்கள். வலுவான ஆட்சேபம்தான். 1990-ல் சுஸுகா பந்தயத்தில் போட்டியாளர் ப்ரோஸ்டின் கார் மீது மோதியது வேண்டுமென்றே செய்தது என்று ஓட்டுநர் சென்னா ஒப்புக்கொண்டது அடுத்த ஆண்டுதான். அதுவரை யாரால் நிரூபிக்க முடிந்தது? ஆனால் நான் கேட்பது மனத்தை அல்ல, காரை. இந்த வேகத்தில் இந்தக் கார் தடத்துக்குள் இந்த வளைவை முடித்திருக்குமா? பிரேக் அழுத்தமும் வேகமும் காரின் தரவுப் பதிவான டெலிமெட்ரியில் பதிவாகின்றன. வளைவைக் கட்டுப்பாட்டோடு தடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று முந்துபவரிடம் ஏற்கெனவே எதிர்பார்க்கிறார்கள். தற்காப்பவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஆஸ்டின் தீர்ப்பின் மீது நாரிஸின் மெக்லாரன் அணி கொடுத்த மறுபரிசீலனை மனு இந்த இடத்தைத்தான் தொட்டது. வளைவுக்கு முன்பே நாரிஸ் முந்திவிட்டார், ஆகவே முந்த முயன்றவர் வெர்ஸ்டாப்பன்தான் என்றது அணி. தீர்ப்பில் பிழை இருப்பதையே புதிய ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று மனு தள்ளுபடியானது. கொடி விழுந்த பிறகு முடிவுகள் மாறிக்கொண்டே இருந்தால் பந்தயம் தாங்காது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அப்படியே முடிவு நிலைக்கட்டும். அதற்குச் சொன்ன காரணம் சரிதானா என்று ஆராயாமலே விட வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது?