குழந்தைக்குப் பதிலாகக் கையேந்தும் கரடி

பிரிட்டனின் கடைவாசல்களில் ஒரு காலத்தில் ஒரு சிறுமியின் சிலை நிற்கும். காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி, ஒரு கையில் அணைத்துப் பிடித்த கரடி பொம்மை, மறு கையில் உண்டியல். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காகப் பணியாற்றிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற அமைப்பு வைத்த சிலை அது. காய்கறி வாங்க வந்தவர்கள் மீதிச் சில்லறையை அந்தச் சிறுமியின் கையில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் டேமியன் ஹர்ஸ்ட் என்ற சிற்பி, அதே உருவத்தை ஏறக்குறைய ஏழு மீட்டர் உயர வெண்கலச் சிலையாக்கி, உண்டியலை உடைக்கப்பட்டதாகக் காட்டி, அதற்குத் 'தருமம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அதே நாட்டில் 1985-இல் இன்னொரு கரடி உண்டியலோடு வந்தது. பிபிசியின் 'சில்ட்ரன் இன் நீட்' அறக்கட்டளைக்காக ஜோவன்னா லேன் என்ற வரைகலைஞர் உருவாக்கிய பட்ஸி. வெஸ்ட் யார்க்ஷயரில் உள்ள தம் சொந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். ஒரு கண்ணின்மேல் கட்டுப் போட்ட கரடி அது. முன்னதில் குழந்தை கையேந்தியது, பொம்மை அவள் அணைப்பில் இருந்தது. பின்னதில் குழந்தை சித்திரத்திலேயே இல்லை; பொம்மை மட்டும் கையேந்துகிறது. இந்த இடமாற்றம் அறத்தின் திசையில் எடுத்து வைத்த ஓர் அடி என்பதே என் வாதம்.

வாதத்துக்கு எதிரான சான்றிலிருந்தே தொடங்குவது நியாயம். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோரும் அறிந்தது. ஒரு குழுவிடம் ஆப்பிரிக்காவின் பட்டினி பற்றிய புள்ளிவிவரங்களைக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் கொடுத்தார்கள். சிறுமியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தார்கள். அவள் படத்தோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்தது. மனித மனம் இலட்சங்களுக்கு இரங்குவதில்லை, ஒரு முகத்துக்கு இரங்குகிறது. அப்படியானால் உண்மையான குழந்தையின் முகத்தை எடுத்துவிட்டுப் பொம்மையின் முகத்தை வைப்பது, வரக்கூடிய பணத்தை இழப்பதாகாதா? ஆகலாம். ஆனால் கேள்வி இங்கேதான் அறக்கேள்வியாகிறது. இரக்கத்துக்கு ஒரு முகம் தேவை என்பது நம் மனத்தின் இயல்பு. அந்த இயல்புக்கான விலையை, ஏற்கெனவே துன்பப்படுகிற ஒரு குழந்தை தன் முகத்தால் கொடுக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? ஒரு கரடிக்கு மானம் இல்லை. அது வளர்ந்து பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், தன் பழைய படத்தை யாரோ ஒருவர் கையில் பார்த்துக் கூசப்போவதில்லை.

குழந்தைகள் கூசுவார்கள் என்பது ஊகம் இல்லை. வளர்ந்தவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஐடிவி நிறுவனம் நடத்திய தொலைக்காட்சி நிதிதிரட்டு நிகழ்ச்சிக்கு எதிராக 1990-இலும் 1992-இலும் மாற்றுத்திறனாளிகள் லண்டனில் திரண்டு மறியல் செய்தார்கள். எங்களுக்கு உங்கள் பரிதாபம் வேண்டாம், உரிமை வேண்டும் என்பதே அவர்கள் முழக்கத்தின் சாரம். 1992-க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் உலகெங்கும் பரவியதை ஒட்டி எழுந்த விவாதம், 1989-இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களையும் செய்திகளையும் பயன்படுத்துவதற்கான நடத்தை விதிகளை ஏற்றுக்கொள்வதில் போய் முடிந்தது. கொடுப்பதில் பெறுபவரின் மானம் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. மெய்யியலாளர் இம்மானுவல் காண்ட் 1797-இல் எழுதிய 'ஒழுக்கங்களின் மீஇயற்பியல்' நூலில், உதவுகிறவன் பெறுகிறவனைத் தாழ்த்தாத வகையில் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்கிறார். தான் கடன்பட்டவன்போலவோ, பெறுகிறவன் ஏற்றுக்கொண்டதே தனக்குப் பெருமை என்பதுபோலவோ நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. நன்கொடை உண்டியலை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கும் இது பொருந்தும்.

காண்ட்டையே எனக்கு எதிராகவும் நிறுத்தலாம். கடமை உணர்விலிருந்து எழாமல் இயல்பான சாய்வினால் மட்டும் செய்யப்படும் நற்செயலுக்கு உண்மையான ஒழுக்க மதிப்பு இல்லை என்று 1785-இல் எழுதியவரும் அவரே. மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசாதவன் என்று வள்ளல் ஆய் அண்டிரனைப் புலவர் முடமோசியார் புறநானூற்றில் போற்றியபோதும், கொடையின் உள்நோக்கம் தூயதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அதில் இருந்தது. மஞ்சள் கரடியைப் பார்த்து மனம் குழைந்து ஐந்து பவுண்டு போடுகிறவர் எந்தத் தூய நோக்கத்தில் போடுகிறார்? பொம்மைமீது கொண்ட பிரியம் எப்படி அறமாகும்? இந்த ஆட்சேபத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே 1797 நூலில் காண்ட் இன்னொன்றும் சொல்கிறார்: ஏழைகளும் நோயாளிகளும் இருக்கும் இடங்களைத் தவிர்த்து நடக்கக் கூடாது, அங்கே எழும் இரக்கத்தை வளர்த்துக்கொள்வதே ஒரு கடமை, ஏனெனில் கடமையின் எண்ணம் மட்டும் செய்துமுடிக்காததைச் செய்ய அந்த இரக்கம் துணை நிற்கும். உணர்ச்சியை அறத்தின் எதிரி என்று அவர் ஒதுக்கவில்லை. உணர்ச்சி காசைப் பெட்டிவரை கொண்டுவருகிறது. அந்தக் காசு எந்த ஊரின் எந்தக் காப்பகத்துக்கு, எந்தச் சிறு தொண்டு அமைப்புக்குப் போக வேண்டும் என்று விண்ணப்பங்களைப் படித்து, விசாரித்து முடிவுசெய்யும் இடத்தில் கடமை உட்கார்ந்திருக்கிறது. பட்ஸியின் நிதி பிரிட்டன் முழுவதும் உள்ள உள்ளூர் அமைப்புகளுக்கு மானியமாகத்தான் பிரிகிறது. கொடுப்பவரின் மனம் எவ்வளவு குழந்தைத்தனமாக இருந்தாலும், பகிர்ந்தளிக்கும் கை முதிர்ச்சியோடு இருந்தால் அந்தக் கொடை அறம்தான்.

சமயங்களின் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் வேறு: ஆரவாரம். தருமம் செய்யும்போது எக்காளம் ஊதாதே, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு போதித்ததாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது. வெளிப்படையாகக் கொடுப்பது நல்லதுதான், மறைவாக ஏழைகளிடம் சேர்ப்பது அதைவிட நல்லது என்கிறது குர்ஆன். பாட்டும் கூத்துமாகத் தொலைக்காட்சியில் ஓர் இரவு நடக்கும் 'சில்ட்ரன் இன் நீட்' நிதிதிரட்டு இதற்கு நேர் எதிர் அல்லவா? 1927 கிறிஸ்துமஸ் நாளில் குழந்தைகளுக்காகப் பிபிசி வானொலி விடுத்த முதல் வேண்டுகோளுக்கு 1,143 பவுண்டு சேர்ந்தது. அப்போது தொடங்கி 1979 வரை ஆண்டுதோறும் அடக்கமாக விடுத்த வேண்டுகோள்களுக்கு மொத்தம் 6,25,836 பவுண்டு. 1980-இல் அதைத் தொலைக்காட்சி விழாவாக மாற்றிய முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 10 இலட்சம் பவுண்டு. இடையில் பணத்தின் மதிப்பு மாறியதைக் கணக்கில் கொண்டாலும், ஆரவாரம் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. வேலை செய்வதால் மட்டும் அது சரியாகிவிடாது. இங்கே பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த தருமத்தின் எட்டுப் படிகள் உதவுகின்றன. ஒருவனைத் தன் காலில் நிற்கச் செய்வது முதற்படி. கொடுப்பவன் யாருக்குக் கொடுத்தான் என்று அறியாமலும், பெறுபவன் யாரிடமிருந்து பெற்றான் என்று அறியாமலும் நடக்கும் கொடை இரண்டாவது. பொது நிதியில் போடுவது இதற்கு அடுத்து நெருங்கிய வகை என்கிறார். அந்த நிதியை நிர்வகிப்பவர் நேர்மையும் அறிவும் உள்ளவர் என்று தெரியாமல் அதில் போடாதே என்றும் எச்சரிக்கிறார். மேடையில் ஆரவாரம் கரடிக்கு. பள்ளியில் கேக் விற்றுச் சேர்த்த சில்லறையைப் போட்ட மாணவியின் பெயர் யாருக்கும் தெரியாது, அது எந்தக் குழந்தைக்குப் போனது என்று அவளுக்கும் தெரியாது. பெருநிறுவனங்கள் பெரிய காசோலையை ஏந்திக் கேமராமுன் நிற்பது மட்டும் மத்தேயுவின் எக்காளமேதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

பொம்மை துன்பத்தை இனிப்பாக்கி மறைத்துவிடுகிறது என்பவர்களுக்கு, கரடி பொம்மையின் பிறப்புக் கதையே சாட்சியாகக் கிடைக்கும். 1902-இல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூசவெல்ட், மரத்தில் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபர்ட் பெர்ரிமன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்து புரூக்ளினில் கடை வைத்திருந்த மிச்டம் தம்பதி துணிக்கரடி செய்து, அதிபரின் செல்லப்பெயரான டெடியை அதற்குச் சூட்டினார்கள். அடிபட்டுக் கிடந்த அந்தக் கரடியை அதன் வேதனை தீரக் கொன்றுவிடும்படி ரூசவெல்ட் சொன்னதும், அது கத்தியால் கொல்லப்பட்டதும் பொம்மையின் கதையில் இல்லை. இரக்கம் நினைவில் நின்றது, கரடியின் சாவு மறைந்துபோனது. பட்ஸிக்கும் இந்த ஆபத்து உண்டு. கண்கட்டு அழகான அடையாளமாகிவிட்டால் அடிபட்ட குழந்தை மறக்கப்படும். ஆனால் இதற்கு மருந்து, குழந்தையின் காயத்தைக் கேமராமுன் கொண்டுவருவது ஆகாது. கணக்கைக் கொண்டுவருவதே மருந்து: பணம் எங்கே போனது, அங்கே என்ன மாறியது, எது மாறவில்லை.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் நீதியின் பெயரால் வருவது. பிரிட்டன் அரசின் கணக்குப்படியே 2022-23-இல், குடியிருப்புச் செலவு போக வறுமையில் இருந்த குழந்தைகள் ஏறக்குறைய 43 இலட்சம். 2018 நவம்பரில் பட்ஸியின் நிகழ்ச்சியில் ஒரே இரவில் 5 கோடி பவுண்டுக்கும் மேல் திரண்டது. அவ்வளவு பெரிய தொகையைக்கூட இத்தனை குழந்தைகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு 12 பவுண்டு வராது. வறுமையை ஒழிப்பது வரியும் சட்டமும் செய்ய வேண்டிய வேலை. எந்தப் பொம்மையாலும் அது ஆகாது. தூரம் கடமையைக் குறைக்காது என்று 1972-இல் வாதிட்ட மெய்யியலாளர் பீட்டர் சிங்கர், அதே பணம் ஏழை நாடுகளில் இன்னும் பல உயிர்களைக் காக்குமே என்றும் கேட்பார். அவர் கேள்வி சரியானது. பக்கத்துத் தெருவுக்குக் கொடுப்பவர் தொலைதேசத்துக்குக் கொடுக்க மாட்டார் என்று எண்ணுவதுதான் சரியில்லை. ஆனால் அரசு செய்ய வேண்டியதை அரசு செய்தாலும், தம்பியை இழந்து பேசாமல் போன சிறுவனோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற ஒருவர் தேவைப்படுவார். அவர் உள்ளூரில்தான் இருப்பார். அந்த அளவுக்கே கரடியின் உண்டியலுக்கு நியாயம் உண்டு. அதைக் காட்டி நிதிநிலை அறிக்கையில் கைவைக்கும் அமைச்சர் எவரும் மன்னிப்புக்கு உரியவர் அல்ல.

என் வாதத்தின் பலவீனமான இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. பட்ஸியின் இரவிலும் பாடல்களுக்கு நடுவே உண்மையான குழந்தைகளின் கதைகளைச் சொல்லும் குறும்படங்கள் வருகின்றன. பெற்றோர் சம்மதம் தந்திருப்பார்கள். ஆனால் உதவி பெற்ற கையோடு கேட்கப்படும் சம்மதம் முழுச் சுதந்திரமானதாக இருக்க முடியாது, அதைக் குழந்தையின் சார்பில் இன்னொருவர் கொடுக்கவும் முழு உரிமை இல்லை. எடுத்த அடியைப் பிபிசி முழுதாக எடுக்கட்டும். நிதி திரட்டுகிற எவரும், எந்த ஊரிலும், குழந்தையின் படத்தைச் சுவரொட்டியில் போடுமுன் அதை எடுத்துவிட்டு ஒரு பொம்மையையோ ஒரு வரைபடத்தையோ போடட்டும். பணம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.