உப்புக்காற்றும் நாலு ஸ்க்ரூவும்

எங்கள் ஊரில் இரும்புச் சாமான் வாங்கினால், கடைக்காரர் சொல்கிற ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது அனுமந்தை. கிழக்கே கடல், மேற்கே கழுவெளி, வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஜன்னல் கம்பி பெயின்டுக்கு உள்ளேயே உப்பிப் பொரிந்துபோகும். ஃபிரிட்ஜின் அடித்தகடு விரல் பட்டால் உதிரும். ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாகிக் கொட்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே தானாகக் கசியத் தொடங்கிவிடும். கடல் உப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அந்த உப்புநீர் இரும்பின் மேல் காயாமல் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கும். அளத்தில் உப்பு வாருகிறவர்கள் கையில் இன்றைக்கும் மரப்பலகையைப் பார்க்கலாம் என்றால் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலத்துச் சாமான் போல இப்போ எதுவும் வருவதில்லை" என்று பெருமூச்சு விடுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் விடுகிறோம். அமெரிக்காவில் 1949இல் வந்த சன்பீம் டோஸ்டரை இன்னும் தேடி வாங்கிப் பழுது பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ரொட்டியை வைத்தால் போதும், அது தானாக இறங்கும், வெந்ததும் தானாக மேலே வரும். மோட்டார் கிடையாது; சூட்டில் கம்பி நீள்வதை வைத்தே அத்தனையும் நடக்கும். நமக்கு டோஸ்டரில் என்ன பாசம்? தோசைக்கல் இருக்கும்போது ரொட்டிக்குத் தனியாக ஒரு பெட்டி எதற்கு? நம் வீடுகளில் அந்த இடம் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும்தான்.

இரண்டுமே நம் சமையல் கேட்டு வாங்கிய இயந்திரங்கள். கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955இல் மாவாட்டும் கல்லுக்கு மோட்டார் பூட்டினார். அந்த ஊர் கிரைண்டருக்குப் பிற்பாடு புவிசார் குறியீடும் கிடைத்தது. சுமீத் மிக்ஸியின் கதை இன்னும் ருசியானது. 1960களில் பம்பாயில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் பிரவுன் மிக்ஸி நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் படுத்துவிட்டது. கேக் மாவு கலக்கப் பிறந்த மோட்டாரிடம் மஞ்சளையும் உளுந்தையும் கொடுத்தால் என்ன செய்யும்? இங்கே அதைச் சரிசெய்யவும் வழியில்லை. இதற்கு ஈடு கொடுக்கிற மோட்டார் ஒன்றைச் செய்து காட்டுங்கள் என்றார் மனைவி. செய்தார். பழுது பார்க்க முடியாத ஒரு சாமானின் மேல் வந்த எரிச்சலில்தான் தமிழ்நாட்டுச் சட்னியில் பாதி அரைபட்டது என்று சொன்னால் தப்பில்லை.

எங்கள் வீட்டில் அம்மா தவணையில் வாங்கிய சுமீத் இன்னும் ஓடுகிறது. போட்டால் தெருமுனை வரை கேட்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். அது எப்படி இத்தனை காலம் ஓடுகிறது என்பதை மரக்காணத்தில் ஒரு மெக்கானிக் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். மிக்ஸியைக் கவிழ்த்தார். அடியில் நாலு ஸ்க்ரூ. கழற்றினால் மோட்டார் முழுதாக முகம் காட்டியது. இரண்டு பக்கமும் கார்பன், அதை அழுத்திப் பிடிக்க ஆளுக்கொரு ஸ்பிரிங். ஒரு கார்பன் தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது. செம்பு வளையம் கறுத்திருந்ததை உப்புத்தாள் வைத்து ஒரு தேய்ப்பு, தூசியை ஒரு ஊது, புதுக் கார்பன் இரண்டு, மேலே கப்ளர் ஒன்று. "காயில் நல்லாத்தான் இருக்குதுண்ணா, இன்னும் ஓடும்," என்றார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அதே மேஜையில் வேறொரு நாள் எங்கள் வீட்டுப் புது ஃபேன். பெரிய கம்பெனிதான். ரிமோட் உண்டு, சத்தம் இல்லை, பார்க்கவும் லட்சணம். ஒரு மழைக்காலம் முடிந்ததும் நின்றுவிட்டது. அவர் திறந்து காட்டினார். உள்ளே இருந்த போர்டு, கரும்பிசின் ஊற்றி மூடப்பட்டிருந்தது. மூடாத ஒரு ஓரத்தில் செம்புக் கோடு பச்சை பூத்திருந்தது. "இதுல நான் என்னாண்ணா பண்றது? போர்டோட மாத்தணும். அந்தப் போர்டு இங்க வராது." பழைய ஃபேன் என்றால் கன்டென்சர், பேரிங், மிஞ்சினால் காயில் கட்டுவது, எல்லாமே அவர் கைக்குள் அடங்கிய வேலை. கைத்தொழில் தெரிந்த ஒரு மனிதரைக் கையைக் கட்டி உட்கார வைத்திருந்தது அந்தப் பிசின்.

இதை வைத்துப் பழையதெல்லாம் பொன் என்று பேச வரவில்லை. பழைய சாமான் நீடித்தது என்று நாம் நம்புவதில் பாதி கண்கட்டு. காயில் எரிந்ததும் கல் உடைந்ததும் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்த ஒன்றை வைத்துக்கொண்டு அந்தத் தலைமுறைக்கே சான்றிதழ் எழுதுகிறோம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இந்தப் புது ஃபேனுக்கு 30 வாட் போதும். இலவச யூனிட் கோட்டுக்குள் நிற்கப் பார்க்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

அன்றைக்கு எத்தனை வீட்டில் இருந்தன இவையெல்லாம்? மிக்ஸி வாங்கிய வீட்டைத் தெருவே வந்து பார்த்த காலம் அது. 2011இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பல குடிசைகளில் அரைக்கும் வேலை கையை விட்டுப் போனது. பழைய கனத்த சாமான்களைப் பற்றி உருகுகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பது என் கணிப்பு. நூறு வருஷம் உழைக்கிற சாமான்தான் வேண்டும் என்றால் கொல்லையில் அம்மி கிடக்கிறது, ஆட்டுக்கல் கிடக்கிறது. மின்சாரம் வேண்டாம், உப்புக்காற்று ஒன்றும் செய்யாது, பேரன் காலத்துக்கும் வரும். அதைத் தூக்கிவந்து அடுப்படியில் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆக, வெறும் நீண்ட ஆயுளுக்காக நாம் ஏங்கவில்லை. கெட்டுப்போனால் சரிசெய்து கொடுக்க நடக்கிற தூரத்தில் ஓர் ஆள் இருந்தார். அவர் திறந்து பார்க்கிற மாதிரி சாமானும் இருந்தது. போனது அதுதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். மரக்காணம் பக்கம் கொட்டிய மழையில் அளங்கள் மூழ்கின, தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு மெக்கானிக் கடை வாசலில் நனைந்த சாமான்கள் வரிசை கட்டி நின்றன. பழைய கிரைண்டர் மோட்டார்களைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் அடித்து ஒவ்வொன்றாக ஓட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் பிழைக்கவில்லை, பாதிக்கு மேல் பிழைத்தது. போர்டு வைத்த வாஷிங் மெஷின்கள் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றிலும் டிரம், மோட்டார் எல்லாம் நன்றாகவே இருந்தன. போர்டுக்கு வழியில்லாமல் முழுச் சாமானும் குப்பையானது.

இது தற்செயலா, திட்டமா? திட்டமும் உண்டு. 1924இல் பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற பெரிய கம்பெனிகள் ஜெனீவாவில் ஒரு கூட்டணி போட்டு, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறுக்கின. அதற்கு முன்பு 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் இருந்தன. நெடுநேரம் எரிகிற பல்பைச் செய்த தொழிற்சாலைக்கு அபராதம். ஆனால் எல்லாவற்றையும் சதி என்று தள்ளிவிடவும் முடியாது. விலை குறைய வேண்டும், எடை குறைய வேண்டும், மின்சாரம் குறைய வேண்டும் என்று நாமும்தான் கேட்டோம். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இலிருந்து எரிகிறதே ஒரு பல்பு, அது இப்போது கொடுப்பது 4 வாட் பல்பின் வெளிச்சம். அதில் பேப்பர் படிக்க முடியாது.

2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவற்றைச் செய்கிற கம்பெனிகள் வாரண்டி முடிந்த பிறகும் பழுது பார்த்துத் தர வேண்டும் என்று சட்டமே போட்டது. நல்ல காரியம். இங்கேயும் உதிரிபாகம் தெருக்கடைக்கு வந்து சேர்கிற மாதிரி சட்டம் வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது வாங்குகிற அந்தப் பத்து நிமிஷம்தான். அடுத்த முறை கடைக்குப் போனால் கலரையும் ஸ்டார் ஸ்டிக்கரையும் பார்த்த பிறகு, சாமானைக் கவிழ்த்தும் பாருங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கிறதா, ஒட்டி மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். கார்பனும் கப்ளரும் போர்டும் தனியாகக் கிடைக்குமா, எந்த ஊரில் கிடைக்கும் என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், போனா புதுசு வாங்கிக்கலாம்" என்று பதில் வந்தால், அந்தச் சாமானை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.