வெளியே என்பது யாருடைய இடம்?

ஏசி என்றதும் நம் கண்முன் வருவது சுவரின் உச்சியில் இருக்கும் வெள்ளைப் பெட்டி. அது அந்த இயந்திரத்தின் பாதிதான். மறுபாதி சுவருக்கு அந்தப் பக்கம், இரும்பு ஸ்டாண்டின்மேல், வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. உள்ளே மாட்டும் பெட்டிக்கு நட்சத்திரம் எண்ணுகிறோம், நிறம் பார்க்கிறோம், இரவில் சத்தம் கேட்குமா என்று கடைக்காரரைத் துளைக்கிறோம். வெளியே மாட்டும் பெட்டியைப் பற்றி நாம் கேட்பது ஒன்றே ஒன்று: "எங்கயாவது ஓரமா வெச்சிரலாம்ல?"

அந்த 'ஓரம்' யாருடையது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறோர் இடத்தில் கொட்டுகிறது. செம்புக் குழாய்க்குள் ஓடும் திரவம் உள்ளே ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே கம்ப்ரஸரின் அழுத்தத்தில் மறுபடி திரவமாகும்போது அந்த வெப்பத்தைக் கக்குகிறது. 'ஒரு டன்' என்று சொல்கிறோமே, அது பனிக்கட்டிக் காலத்துக் கணக்கு. ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ அந்த வேகம். இன்றைய கணக்கில் சுமார் 3,500 வாட். முழு வேகத்தில் ஓடும்போது இயந்திரம் இழுக்கும் மின்சாரம் சுமார் 1,000 வாட். அதுவும் வெப்பமாகி வெளியேதான் போகிறது. ஆக, உள்ளே ஒருவர் குளிர்ச்சியாகத் தூங்க, வெளியே நான்கைந்து அயர்ன் பாக்ஸ்கள் சேர்ந்து காய்ந்தால் வரும் சூடு ஊதிக்கொண்டிருக்கிறது. உள்ளே குறைவதைவிட வெளியே கூடுவது எப்போதும் அதிகம்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்து பங்களாக்களில் கூரையிலிருந்து பங்கா தொங்கும். அதை இழுக்கும் கயிறு சுவரில் போட்ட துளை வழியாக வெளியே போகும். வராந்தாவின் வெக்கையில் உட்கார்ந்து ஒருவர் மணிக்கணக்காக அதை இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே காற்று வாங்கியவர்கள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. சுவர், துளை, மறுபக்கம் ஒரு பாரம். கயிறு இருந்த இடத்தில் இப்போது செம்புக் குழாய்.

எனக்கு ஐம்பது வயது. மாதவிடாய் நிற்கும் காலம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி சின்ன மாற்றத்துக்கும் பதறுகிறது என்று மருத்துவர் விளக்கினார். நடுராத்திரியில் நெஞ்சிலிருந்து கழுத்துக்குத் தீ ஏறுவதுபோல் இருக்கும். இரத்தக் குழாய்கள் விரியும், வியர்வை கொட்டும். உடம்பு தன் வெப்பத்தை வெளியே தள்ளப் பார்க்கும். சென்னையின் மே மாதக் காற்று அதை வாங்கிக்கொள்ளாது. இரவில் மூன்று முறை நைட்டி மாற்றி, விடிந்ததும் வேலைக்குப் போய் நின்றிருக்கிறேன்.

இந்த வீட்டுக்குள் வந்த பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. மகனின் படிப்புக்கு மேசை, மாமியாரின் முழங்காலுக்கு உயரமான கட்டில், வருகிறவர்களுக்காக சோபா. என் உடம்புக்கு என்று வாங்கிய முதல் பெரிய பொருள் இந்த ஏசிதான். "ஹால்ல போட்டா எல்லாருக்கும் ஆகுமே" என்றார்கள். என் அறையில்தான் வேண்டும் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அந்த உரிமையில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

மாட்ட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வந்ததும் கேட்டார்: "அவுட்டோர் எங்கக்கா வெக்கிறது?"

மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, தெருவைப் பார்த்த பால்கனி. அங்கே எதையும் மாட்டக் கூடாது என்று அசோசியேஷன் விதி இருக்கிறது. கட்டடத்தின் முகப்பு கெட்டுவிடுமாம். இரண்டாவது, சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பால்கனி. துணி துவைப்பதும் காயப்போடுவதும் அங்கேதான். வீட்டு வேலைக்கு வரும் அக்கா தினமும் ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பதும் அங்கேதான். மூன்றாவது, பின்பக்கச் சந்துச் சுவர். ஆறடி தாண்டினால் அடுத்த கட்டடம். நேரெதிரே ஒரு சமையலறை ஜன்னல்.

"சந்துலயே வெச்சிரலாம்கா. எல்லாரும் அங்கதான் வெச்சிருக்காங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மேலும் கீழுமாக ஐந்தாறு பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்து ஊதிக்கொண்டிருந்தன.

முன்பக்கத்துக்கு விதி இருக்கிறது, பின்பக்கத்துக்கு விதி இல்லை. தெருவில் போகிறவர் கண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அடுப்படியில் நிற்கிறவர் உடம்புக்குக் கிடையாது. இதில் யாருடைய சதியும் இல்லை. திண்ணை முன்னால், அடுக்களை பின்னால் என்று வீடு கட்டிப் பழகியவர்கள் நாம். அடுக்குமாடி வந்தபோதும் அந்த வரிசை அப்படியே ஏறி வந்துவிட்டது. சமையலறை, துவைக்கும் இடம், குப்பை வாளி எல்லாம் பின்னால். பெண்கள் நிற்கும் இடமும் பின்னால். பிறகு வந்த இயந்திரம், விதி இல்லாத இடம் தேடி அங்கேயே போய்ச் சேர்ந்தது.

ஆஸ்திரேலியப் பெண்ணியத் தத்துவவாதி வால் பிளம்வுட் 'நிழல் இடங்கள்' என்று ஒன்றைப் பற்றி எழுதினார். நமக்குப் பிடித்த, நாம் பராமரிக்கிற ஒரு வீடு நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த வீட்டைத் தாங்கி நிற்கிற, அதன் கழிவைச் சுமக்கிற வேறு இடங்களும் இருக்கின்றன. அவை நம் கணக்கில் வருவதில்லை. அவற்றை அறியாமல் இருப்பதே நம் வசதியின் ஒரு பகுதி. அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜோன் ட்ரோன்டோ 1993இல் வெளியான தன் நூலில் இதையே பராமரிப்பின் பக்கத்திலிருந்து சொன்னார். வேறு யாரோ பார்த்துக்கொள்வதால் சிலருக்குச் சில விஷயங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பின்மை ஒரு சலுகை.

பெண்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கல்யாண வீட்டில் ஹாலில் விசிறி சுழல, பின்கட்டில் வியர்வையோடு நின்று பந்திக்கு வேண்டியதை அனுப்பியவர்கள் நம் அம்மாக்கள். ஒரு வீட்டின் இதமான பகுதி எதன்மேல் நிற்கிறது என்பதை நின்று பார்த்தவர்கள். புதிதாக நடந்திருப்பது இதுதான்: நம்மில் சிலர் இப்போது சுவரின் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறோம். சம்பாதிக்கிறோம், வாங்குகிறோம், 'எங்கே மாட்ட?' என்ற கேள்வி நம்மிடம் வருகிறது. அடுப்பின் வெக்கை தெரிந்த நான், என் உடம்பின் வெக்கையை இன்னொருத்தியின் அடுப்படிக்கு அனுப்பலாமா?

இதற்கு வரும் மறுப்புகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று: எல்லோரும்தான் வைத்திருக்கிறார்கள், என் ஒரு பெட்டியால் என்ன வந்துவிடும்? ஐந்து பெட்டி ஊதுகிற சந்தில் ஆறாவது சின்ன விஷயமாகத் தெரியலாம். எதிர் ஜன்னலில் நிற்கிறவருக்கு அது ஆறாவது. அவருக்கு நேரெதிரே இருப்பது என்னுடையது.

இரண்டாவது மறுப்பு என் தோழி ஒருத்தி சொன்னது, இன்னும் கூர்மையானது: "ஏன் எப்பவும் பொம்பளைங்களே யோசிக்கணும்? உனக்குன்னு ஒண்ணு வாங்கினதும் அதுக்கும் குற்றவுணர்ச்சியா? எந்த ஆம்பிள இப்படி ஜன்னலை எட்டிப் பார்த்துட்டு ஏசி மாட்டினான்?" நியாயமான கோபம். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்ற ஒரே சொல்லால் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் புதிய வேஷமாக இது ஆகிவிடக் கூடாது.

ஆனால் விட்டுக்கொடுப்பது வேறு, பதில் சொல்வது வேறு. விட்டுக்கொடுப்பவளிடம் முடிவு இருப்பதில்லை, வேறு யாரோ எடுத்த முடிவுக்கு அவள் இடம் விடுகிறாள். இங்கே முடிவு என் கையில். ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் தூக்கத்தை யாருக்கும் தானம் செய்யவில்லை. என் முடிவு இன்னொரு உடம்பைத் தொடும்போது, அந்த உடம்புக்கு உரியவளிடம் பேச வேண்டும் என்கிறேன். தோழியின் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. ஆண்கள் யோசிக்கவில்லை என்றால், நாமும் யோசிக்காமல் இருப்பது அதற்கு மருந்தாகாது. அவர்களையும் யோசிக்க வைப்பதுதான் மருந்து. மொட்டை மாடியில் இடம் கேட்டு அசோசியேஷனுக்கு எழுதும் வேலையை என் கணவரிடம் கொடுத்தேன். செயலாளர் வீட்டுக்கு மூன்று முறை நடந்தவர் அவர்தான்.

அந்த நிலை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எதிர்க் கட்டடத்து அம்மாவிடம் போய்க் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். அந்தச் சமையலறையில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி, சில வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். "எங்க ஜன்னலுக்கு நேராவாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேணாம்மா. ஏற்கெனவே மேல் வீட்டு மெஷின் ஒண்ணு மூஞ்சிலயே ஊதுது. அதை வெக்கும்போது யாரும் என்னைக் கேக்கல. நீ கேட்டதனால சொல்றேன். வேணாம்."

எத்தனையோ பேர் இப்படி ஒரு கேள்வியைச் சடங்குக்காகக் கேட்பார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் காபித் தட்டோடு நிற்கிறவளிடம் "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்பதுபோல. சரி என்ற பதிலுக்கு மட்டும் இடமுள்ள கேள்வி கேள்வியே அல்ல, அறிவிப்பு. அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தால்தான் நாம் கேட்டதற்கு அர்த்தம். அந்த அம்மாவின் 'வேணாம்' எனக்குச் செலவு வைத்தது. அந்தச் செலவுதான் என் கேள்வியை உண்மையாக்கியது.

மொட்டை மாடி என்றால் பத்து மீட்டர் குழாய். இயந்திரத்தோடு வந்தது மூன்று மீட்டர். மீதிக்குத் தனிக் காசு, கூடுதல் வாயு, குழாய் நீள்வதால் கொஞ்சம் திறன் இழப்பு. மாடி எனக்குச் சரியாகப் பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சந்துச் சுவரில் மாட்ட வேண்டுமானால் அந்தத் தம்பி ஜன்னல் விளிம்பில் ஒரு காலை வைத்து, இடுப்பில் கட்டிய கயிற்றை ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டு, அந்தக் கனமான பாரத்தை இறக்க வேண்டியிருந்திருக்கும். "பெல்ட் இல்லையாப்பா?" என்று கேட்டேன். "வண்டியில இருக்குக்கா. அதைப் போட்டுக் கழட்டினா ஒரு நாளைக்கு ரெண்டு வீடுதான் முடியும்" என்றார். கூலி வீட்டுக் கணக்கில். வெளியே போவது வெப்பம் மட்டுமல்ல, ஆபத்தும்தான். மாடியில் அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி வேலை செய்தார்.

இதனால் நான் சுத்தமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கொடிகளுக்கு எதிர்ப்பக்கமாக, தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் பெட்டி நிற்கிறது. அது ஊதுகிற சூடு யார் முகத்திலும் நேராக அடிக்கவில்லை, ஆனால் இந்த ஊரின் காற்றில்தான் கலக்கிறது. நாம் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எண்ணூரில் அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, அங்கே மீன்பிடித்து வாழ்கிறவர்களின் பிழைப்பில் படிந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பகலெல்லாம் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவருக்கும், தெருவைப் பெருக்குபவருக்கும், சித்தாள் வேலை செய்பவருக்கும் அந்தப் பேரிடர் வேலை செய்யும் இடமே. நமக்கு 'வெளியே' என்பது அவர்களுக்கு நாள் முழுக்க இருக்கும் இடம்.

ஆகவே ஒவ்வொருத்தியும் தனித்தனியாக மனசாட்சியோடு மல்லுக்கட்டுவதில் இது முடியாது. வீடு கட்டும்போதே இந்தப் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லலாம். பெல்ட் போட்டு வேலை செய்தாலும் கூலி குறையாத ஏற்பாடு கேட்கலாம். முகப்பைக் காக்கும் விதிப் புத்தகத்தில் பின்பக்கத்துக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

அந்த ஒரு வரியை எழுதி எங்கள் அசோசியேஷனுக்குக் கொடுத்திருக்கிறேன்: யாருடைய ஜன்னலுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ நேராக அவுட்டோர் யூனிட் வைப்பதானால், அங்கே புழங்குகிறவரிடம் முதலில் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். 'வீட்டு உரிமையாளர்' என்று எழுதாமல் 'புழங்குகிறவர்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். சர்வீஸ் பால்கனியில் பாத்திரம் தேய்ப்பவரும் அந்தச் சொல்லுக்குள் வருவார். "இதுக்கெல்லாமா ரூல் போடுவாங்க?" என்று ஒருவர் சிரித்தார். முகப்புக்குப் போட்டிருக்கிறீர்களே என்றேன். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.