கழனி நண்டின் மஞ்சள் கரு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை. ஊரைத் தாண்டினால் கழனி. மழை பெய்தால் வரப்போரம் நண்டு வளை. சளி பிடித்தவருக்கு நண்டு ரசம் வைக்கும் வீடுகள் நம் பக்கம் உண்டு (சைவர்கள் மன்னிக்க).

பெட்டை நண்டின் ஓட்டைப் பிரித்தால் செம்மஞ்சளாகச் சினை தெரியும். அதை ஒட்டிப் பழுப்பு மஞ்சளில் கொழகொழவென்று இன்னொன்று இருக்கும். கழிவென்று வழித்து எறிபவர்களே அதிகம். உண்மையில் அது ஈரலும் கணையமும் ஒன்றாய் அமைந்த சுரப்பி. இரை செரிப்பதும் கொழுப்பைச் சேர்த்து வைப்பதும் அங்கேதான். முட்டையின் மஞ்சள் கருவுக்கு மூலமான வைட்டெல்லோஜெனின் என்ற புரதமும் நண்டுகளில் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. இரத்தத்தில் கலந்து சினைப்பைக்குப் போகிறது. வளரும் முட்டைகள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கோழிக்கும் மஞ்சள் கருவுக்கான புரதம் ஈரலில்தான் தயாராகிறது. கடல் இறால்களில் சினைப்பையும் தன் பங்குக்கு உற்பத்தி செய்கிறது. சினையின் நிறம்கூடத் தாய் உண்டாக்கியதல்ல, தின்ற இரையிலிருந்து வந்தது.

கடல் நண்டு பொடி முட்டைகளை லட்சக்கணக்கில் பொரித்துக் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். கழனி நண்டுக்கு முட்டை குறைவு, ஆனால் பெரிது. குஞ்சு முட்டைக்குள்ளேயே முழு நண்டாகி வெளிவரும். வந்த பிறகும் கொஞ்ச நாள் தாயின் வயிற்று மடிப்பில் ஒண்டிக் கிடக்கும். முட்டைக்குள் இருக்கும் காலம் முழுவதற்கும் அந்த மஞ்சள் கருதான் சாப்பாடு.

இவ்வளவுக்கும் கடிவாளம் கண் காம்பில் இருக்கிறது. அங்கே சுரக்கும் ஹார்மோன், வேளை வரும்வரை சினையை வளரவிடாது. 1943-ல் பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ் ஓர் இறால் வகையின் கண் காம்பை அகற்றிப் பார்த்தார். சினை மளமளவென்று பெருத்தது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் கழனி நண்டை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் இதே கதைதான். பிறகு இதுவே இறால் குஞ்சு பொரிப்பகங்களின் வழக்கமாயிற்று, நம் கடற்கரையிலும்: பெட்டையின் ஒரு கண்ணை நசுக்கிவிடுவது. சினை சீக்கிரம் பிடிக்கிறது. ஆனால் அடுத்தடுத்து முட்டையிட்டுத் தாய் சேர்த்து வைத்ததெல்லாம் கரைகிறது, முட்டையின் தரமும் இறங்குகிறது. அவசரத்துக்கு இது அதிக விலை என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணைத் தொடாமல் முட்டை எடுக்கும் பொரிப்பகங்கள் வெளிநாடுகளில் வந்துவிட்டன. பெட்டைகளைக் கொஞ்சம் கூடுதலாக வளர்க்க வேண்டும், நன்றாகத் தீனி போட வேண்டும், அவ்வளவுதான்.