திறந்தவெளிக் கலை: ஈகையா? உரிமையா?

கதிரவன் ஒளிக்குக் கட்டணம் இல்லை. காற்றுக்குக் காவலாளி இல்லை. கரையிலே வந்து நிற்பவன் கோமகனா, கூலியாளா என்று கேட்டுவிட்டுக் கடலலை காலை நனைப்பதில்லை. ஆனால் கலைக்கு மட்டும் நெடுங்காலமாகக் கதவு இருந்தது. கதவுக்குப் பூட்டு இருந்தது. பூட்டின் சாவி சீமானின் இடுப்பிலே இருந்தது! மாளிகைச் சுவரை எழுப்பிய கொத்தன், அந்தச் சுவரிலே மாட்டப்பட்ட ஓவியத்தை ஒருநாளும் கண்டதில்லை.

அந்தக் கதவைக் கடந்து கலை வெளியே வந்துவிட்டால்? மழையிலே நனைந்து, வெயிலிலே காய்ந்து, வழிப்போக்கனுக்கு எதிரே வந்து நின்றுவிட்டால்? அப்போது அது யாருடைய உடைமை? செய்த சிற்பியுடையதா? பணம் தந்த பிரபுவினுடையதா? நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவருடையதா? அல்லது, அதைக் காண நடந்து வரும் மக்களுடையதா?

இந்தக் கேள்வியை ஆராய ஏற்ற இடம் ஸ்காட்லாந்து. குன்றின் உச்சியிலும், கால்வாயின் ஓரத்திலும், நீர்த்தேக்கத்தின் கரையிலும், நகரத்து நாற்சந்தியிலும் அங்கே கலை காத்து நிற்கிறது. அதே நாட்டிலேதான், மிகச் சிலரின் கையிலே மிகப் பெரும் நிலப்பரப்பு முடங்கிக் கிடக்கிறது. ஆகவே, கலை யாருக்கு என்ற கேள்வி அங்கே நிலம் யாருக்கு என்ற கேள்வியோடு பிணைந்தே எழுகிறது.

ஃபால்கர்க் நகருக்கு அருகே, ஹீலிக்ஸ் என்னும் பொதுப் பூங்காவிலே, 30 மீட்டர் உயரத்தில் இரண்டு குதிரைத் தலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. துருவேறாத எஃகினால் ஆனவை; ஒவ்வொன்றும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடை. ஆண்டி ஸ்காட் என்ற சிற்பியின் படைப்பு. 2013-இல் கட்டி முடிக்கப்பட்டு, 2014-இல் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. பெயர், கெல்ப்பிகள்.

கெல்ப்பி என்றால் என்ன? ஸ்காட்லாந்துப் பாட்டிமார் சொல்லி வந்த பேய்க் கதை! ஆற்றோரம் அழகிய குதிரையாக வந்து நிற்குமாம். ஏறி அமர்ந்த குழந்தையை நீருக்குள் இழுத்துச் சென்று மாய்த்துவிடுமாம். நீர்நிலைப் பக்கம் பிள்ளைகள் போகாமலிருக்க அச்சத்தைக் காவலுக்கு வைத்தார்கள் பெரியவர்கள். சிற்பி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார், பேயை விட்டுவிட்டார். அவர் வடித்தது உழைக்கும் குதிரைகளை. 1790-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் – கிளைடு கால்வாயிலே கரையோரம் நடந்து படகிழுத்த குதிரை, வண்டியிழுத்த குதிரை, ஏரிழுத்த குதிரை! போரில் வென்ற மன்னனைச் சுமந்த குதிரைக்குத்தான் உலகெங்கும் சிலை உண்டு. அதுவும் குதிரைக்காக அல்ல, மேலே அமர்ந்தவனுக்காக. இங்கே முதுகிலே மன்னன் இல்லை. உழைப்பே உயர்ந்து நிற்கிறது. அந்தக் கால்வாய் 1963-இல் மூடப்பட்டது, பாழ்பட்டது, மீண்டும் 2001-இல் படகுகளுக்குத் திறக்கப்பட்டது. பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. சுற்றியுள்ள ஊர்களை நடைபாதைகளால் இணைப்பதற்காகவே அமைந்த பூங்கா அது.

இது ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு.

தென்மேற்கே கிளென்கில்ன் என்ற நீர்த்தேக்கம். அந்த நிலத்துக்கு உரியவரான சர் வில்லியம் கெசிக், 1951 முதல் 1976 வரை, ஹென்றி மூர், ரோடின், எப்ஸ்டீன் போன்ற பெருஞ்சிற்பிகளின் படைப்புகளை வாங்கி, வெட்டவெளியிலே, ஆடு மேயும் மேட்டிலே நிறுத்தினார். வேலி இல்லை, வாயிற்காவல் இல்லை. மூர் வடித்த ‘அரசனும் அரசியும்’ வெண்கலத்திலே அமர்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதைப் பூட்டிவைக்காத அந்த உள்ளத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் நடந்தது என்ன? 1995-இல் அரசன் அரசி இருவர் தலைகளும் வெட்டியெடுக்கப்பட்டன. புதிய தலைகள் பொருத்த நேர்ந்தது. 2013-இல் மூரின் ‘நிற்கும் உருவம்’ என்ற சிலையே களவு போயிற்று. அதன்பின் மற்றச் சிலைகள் பலவும் பாதுகாப்புக் கருதி அகற்றப்பட்டன. மேடு வெறுமையாயிற்று.

“பார்த்தீர்களா! மக்களை நம்பினால் இதுதான் கதி. கலையைப் பூட்டித்தான் வைக்கவேண்டும்!” என்று முழங்குவோர் உண்டு. நாம் அவர்களைக் கேட்கிறோம்: திருடியவன் ஒருவன், அல்லது சிலர், அறுபது ஆண்டுகளாக வந்து பார்த்து, தொட்டு மகிழ்ந்து, ஒரு கீறலும் இடாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? கயவன் ஒருவனுக்காக நல்லோர் அனைவருக்கும் தண்டனையா? பூட்டிய மாளிகைகளிலும் களவு நடக்கவில்லையா?

ஆனால் கிளென்கில்ன் நமக்குக் கற்பிக்கும் பாடம் வேறு ஒன்றும் உண்டு. ஈகை, எவ்வளவு பெரிதாயினும், கொடுத்தவர் கையிலேயே நிற்பது. அவர் விரும்பினால் நிறுத்துவார். விரும்பாவிட்டால், அல்லது அஞ்சினால், எடுத்துக்கொள்வார். மக்கள் அங்கே விருந்தினர். விருந்தினருக்கு நன்றி சொல்ல இடமுண்டு, கேள்வி கேட்க இடமில்லை. சாங்க்கர் அருகே நிலக்கரி தோண்டித் தோண்டிப் புண்ணாகிக் கிடந்த நிலத்திலே, சார்லஸ் ஜெங்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஏறத்தாழ 2,000 பாறைகளை நிறுத்திப் பேரண்டத்தின் தோற்றத்தைக் காட்டும் களம் அமைத்தார், 2015-இல் திறக்கப்பட்டது. விண்ணியலைக் கல்லிலே எழுதிய அரிய முயற்சி! அதுவும் பக்ளூ கோமகனின் நிலத்திலே, அவர் பணத்திலே எழுந்ததே. அழகை நாம் குறை கூறவில்லை. ஏழையின் கண்ணுக்கு அழகு கிட்டுவது, செல்வரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாகவே என்றும் இருக்கவேண்டுமா? அதுதான் நம் கேள்வி.

வேண்டியதில்லை என்று விடை கூறிற்று ஸ்காட்லாந்து. ஆனால் அந்த விடைக்கு நெடுங்காலம் பிடித்தது. மலைக்கும் மேட்டுக்கும் மக்கள் நடந்து செல்லும் உரிமை கோரி ஜேம்ஸ் பிரைஸ் பாராளுமன்றத்திலே மசோதா கொண்டுவந்தது 1884-இல். அது சட்டமாகவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டார்கள், மறுத்தார்கள். 119 ஆண்டுகள் கழிந்து, 2003-இல், ஸ்காட்லாந்தின் சொந்தப் பாராளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றிற்று. 2005 முதல், பெரும்பாலான நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமை எவருக்கும் உண்டு. பிறர் வீட்டு முற்றத்துக்குள் நுழையக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, பொறுப்புணர்ச்சி வேண்டும். அவ்வளவே. ‘அனுமதி’ என்ற சொல் போய், ‘உரிமை’ என்ற சொல் வந்தது. சிலையைக் காணச் செல்பவன் தலை தாழ்த்தியும் செல்லலாம், தலை நிமிர்ந்தும் செல்லலாம். நிமிர்ந்து செல்லும் வழியைச் சட்டம் வகுத்தது.

உரிமையோடு வருபவன், பார்ப்பதோடு நிற்கமாட்டான், கேட்பான். “இங்கே ஏன் இந்தச் சிலை?”

வடக்கே கோல்ஸ்பி ஊருக்கு மேல் பென் பிராகி என்ற குன்று. அதன் உச்சியிலே, ஊரே அண்ணாந்து பார்க்க, பீடமும் உருவமுமாய் ஏறத்தாழ நூறடி உயரத்தில் நிற்பவர் சதர்லாந்தின் முதற் கோமகன். 1837-இல் எழுப்பப்பட்டது. யார் இவர்? இவரும் இவர் மனைவியும் ஆண்ட பண்ணை நிலத்திலேதான், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஆயிரக்கணக்கான குடியானவர்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்டனர். 1814-இல் ஸ்ட்ராத்நேவரிலே வீட்டுக் கூரைகள் எரிந்தன. பண்ணையின் காரியக்காரர் பேட்ரிக் செல்லர் 1816-இல் நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டார். குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். எரிந்த வீட்டாருக்குச் சிலை இல்லை. நிலத்தின் தலைவருக்கு உண்டு, அதுவும் குன்றின் மேல்!

அங்கிருந்து அதே கடற்கரையில் வடக்கே சென்றால் ஹெல்ம்ஸ்டேல். அங்கே 2007-இல் இன்னொரு சிலை எழுந்தது. ஜெரால்டு லாங் வடித்தது. ஊரை விட்டு ஓட்டப்பட்ட ஒரு குடும்பம்: தந்தை கடலை நோக்குகிறான், கைக்குழந்தையைச் சுமந்த தாய் பிறந்த பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கிறாள், சிறுவன் தந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். கோமகன் சிலைக்கு நூறடி தேவைப்பட்டது. இந்தத் தாயின் திரும்பிய தலைக்கு அவ்வளவு உயரம் தேவைப்படவில்லை.

கோமகன் சிலையை இடிப்பதா, விடுவதா? “இடித்துத் தள்ளுக!” என்ற குரல் பலமுறை எழுந்ததுண்டு. அந்தச் சினத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் கொடுமைக்குச் சாட்சியாக நிற்பதை நாமே அழித்துவிட்டால், நாளைய சிறுவன் “அப்படியொன்றும் நடக்கவில்லை” என்று சொல்பவனை எதைக் காட்டி மறுப்பான்? அதே வேளையில், சாட்சி ஊமையாக நின்றால் அது சாட்சி அல்ல, புகழ்மாலை. ஆகவே சிலை நிற்கட்டும். எரிந்த கூரைகளின் வரலாறும் அதன் அருகே நிற்கட்டும். ஹெல்ம்ஸ்டேலின் தாய்க்குத் துணையாக இன்னும் பல தாயர் நிற்கட்டும் என்பது நம் கருத்து. ஆனால் இறுதி முடிவு நம்முடையதும் அல்ல, பிரபுவினுடையதும் அல்ல. அந்தக் குன்றின் நிழலில் வாழும் மக்களுடையது. சிலையை வைத்தபோது உண்மையில் அவர்கள் விருப்பம் மதிக்கப்பட்டதா? இனியாவது மதிக்கப்பட வேண்டும்.

மக்கள் தம் தீர்ப்பை நகைச்சுவையாகவும் எழுதுவர். கிளாஸ்கோவில், 1844-இல் நிறுவப்பட்ட வெலிங்டன் கோமகனின் குதிரைச் சிலை இருக்கிறது. 1799-இல் திப்புவின் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அங்கே படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லி இவரே. இன்று அந்த மாவீரரின் தலையிலே, சாலையில் வைக்கும் கூம்புதான் மகுடம்! எடுக்க எடுக்க மக்கள் மீண்டும் ஏறி வைத்தார்கள். 2013-இல் பீடத்தை உயர்த்திவிட நகராட்சி திட்டமிட்டது. மக்கள் எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. அரசுக்குக் கட்டுப்படாத சிரிப்பு ஒன்று உண்டு போலும்!

ஆனால் மக்கள் செய்வதெல்லாம் சரியென்று புகழ்ந்துவிட்டுப் போகவும் பகுத்தறிவு இடந்தராது. எடின்பரோவின் பெருவீதியிலே தத்துவ மேதை டேவிட் ஹியூம் சிலை. அற்புதங்களை நம்புவதற்குச் சான்று போதாது என்று 1748-இல் எழுதியவர். நாத்திகர் என்ற பழி காரணமாக 1745-இல் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டவர். அவருடைய கால் பெருவிரல் இன்று பளபளக்கிறது. ஏன்? தொட்டால் நல்வாய்ப்புக் கிட்டும், தேர்விலே வெற்றி வரும் என்று மாணவர்கள் தேய்த்துத் தேய்த்து! மூடநம்பிக்கையைத் தோலுரித்தவரின் விரலையே மூடநம்பிக்கை மெருகேற்றிவிட்டது. அவரை அறிந்தவன் விரலைத் தேடமாட்டான், நூலைத் தேடுவான். நூலைத் தேடுபவன், கறுப்பின மக்களைத் தாழ்த்தி அவர் எழுதிய குறிப்பையும் காண்பான். அதன் காரணமாகத்தான் 2020-இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் தன் கட்டடம் ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கிற்று. நமக்கு வேண்டியவர் என்பதற்காக எவருடைய தவற்றையும் மறைக்கமாட்டோம். வழிபாட்டுக்கு மாற்று, வேறொரு வழிபாடு அல்ல, ஆராய்ச்சி.

“பசித்தவனுக்குச் சோறு வேண்டும், சிலையும் பூங்காவும் எதற்கு?” என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு வாழ்ந்து விடை காட்டியவர் ஸ்காட்லாந்தின் பேட்ரிக் கெட்டிஸ். எடின்பரோவின் நெரிசல் மிகுந்த பழைய சேரிப் பகுதியிலேயே குடும்பத்தோடு குடியேறினார். குப்பை குவிந்த வெற்றிடங்களைச் சிறுவர்க்கான தோட்டங்களாக்க முனைந்தார். 1914-இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, பின்னால் வந்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்தது. மீண்டும் திரட்டி, 1915-இல் சென்னையிலே கண்காட்சி நடத்தினார். தஞ்சை, மதுரை முதலிய நம் நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். அகலச் சாலைக்காக ஏழைகளின் தெருவையே இடிக்காதீர். இடிந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, காற்றுக்கும் மரத்துக்கும் இடம் விடுங்கள் என்பது அவர் வாதம். சோறு முதலில், அழகு பிறகு என்று அவர் வரிசை வகுக்கவில்லை. ஏழையின் தெருவிலேயே நிழலும் பூவும் வேண்டும் என்றார். ஏனெனில், அழகு செல்வர்க்கு மட்டும் உரியது என்று ஏழையை நம்பவைப்பதும் ஒரு வகைக் கொள்ளை.

ஆகவே, இளைஞர்களே! திறந்தவெளியிலே ஒரு சிலை முன் நிற்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். நிற்கும் நிலம் யாருடையது? நிற்பவர் யாருடைய உழைப்பால் உயர்ந்தார்? நிறுத்துவதை முடிவு செய்தவர் யார்? மூன்றுக்கும் விடை ‘மக்கள்’ என்று வரும் இடத்திலே கலை உரிமையாகிறது. வராத இடத்திலே, எவ்வளவு அழகாயிருப்பினும், அது இன்னும் ஈகையே. ஈகைக்கு நன்றி சொல்வோம். உரிமையை விடாது கேட்போம்.