தரை எட்டாத சீட்டு

படி ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் வலது முட்டிச் சில்லுக்கு அடியில் ஊசி இறங்கியது போல வலித்தது. மகன் வாங்கித் தந்த கியர் சைக்கிளில் நான் மறுபடி ஏறி அன்றைக்கு நாலாவது நாள். இருபது வருஷத்துக்கு மேல் சைக்கிளைத் தொடாதவள், 58 வயதில் திருக்கோகர்ணம் வரை போய்த் திரும்பியிருந்தேன். கை ஹேண்டில்பாரை மறக்கவில்லை, உடம்பும் தள்ளாடவில்லை. முட்டி மட்டும் தனியாக முறையிட்டது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா அண்ணி?" என்றாள் நாத்தனார். அக்கறையில்தான் கேட்டாள். ஆனால் வலியைவிட அந்தக் கேள்விதான் என்னை இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தது. நம் வீடுகளில் ஐம்பது தாண்டியவள் எந்த நோவைச் சொன்னாலும் 'வயசு' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதைக் கேட்டதும் காரணம் தேடுவதை நாமும் விட்டுவிடுகிறோம்.

காரணம் சீட்டில் இருந்தது. காற்றடிக்கப் போன இடத்தில் கடைக்காரத் தம்பி கேட்டார்: "ஏம்மா, சீட்ட இவ்வளவு எறக்கி வெச்சிருக்கீங்க?"

"நின்னா ரெண்டு காலும் தரையில படணும்ல தம்பி."

"கால் படும். முட்டி போயிரும்."

சீட்டு தாழ்ந்திருந்தால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த மடிப்பிலேயே அழுத்தி மிதிக்கும்போது முட்டிச் சில்லு தொடை எலும்போடு இறுகி உராய்கிறது. நிமிஷத்துக்கு 60 சுற்று என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு முட்டி 3,600 தடவை மடங்கி நீள்கிறது. ஒரு தடவைக்குத் தெரியாத பிசகு அத்தனை தடவைக்குத் தெரியாமல் போகுமா?

தம்பி என்னைச் சுவரைப் பிடித்தபடி வண்டியில் உட்காரச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு மிஞ்சும். அதற்கு மேலும் உயர்த்தினால் இடுப்பு பக்கவாட்டில் ஆடும், முட்டிக்குப் பின்னால் இழுக்கும். ஒரே நாளில் ஏற்றாமல், வாரத்துக்குக் கொஞ்சமாக மூன்று வாரத்தில் ஏற்றித் தந்தார்.

இப்போது உட்கார்ந்தபடி என் கால் தரைக்கு எட்டாது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் லேசானதல்ல. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுத்த படுக்கையானதைக் கூட இருந்து பார்த்தவள் நான். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் சைக்கிள் பழகிய வண்டியில் கால் என்றைக்குத் தரைக்கு எட்டியது? 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் புதுக்கோட்டைப் பெண்களிடம் கொண்டுவந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பார் வைத்த உயரமான வண்டியில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குரங்குப் பெடலில் தொடங்கினோம். பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். நிறுத்த வேண்டுமென்றால் சீட்டை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். 24 வயதில் கற்ற அந்த வித்தையைத்தான், பயத்தில் சீட்டைத் தாழ்த்தி, நான் கைவிட்டிருந்தேன். பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் நழுவி, ஒரு காலை ஊன்றுவது. பத்து நாள் காலி மைதானத்தில் பழகியதும் திரும்ப வந்துவிட்டது.

கியர் விஷயத்தில் பழைய பழக்கம்தான் எதிரி. அன்று கியரே கிடையாது, மேட்டில் பல்லைக் கடித்து மிதிப்போம். இன்று மேடு வருமுன்பே லேசான கியருக்கு மாற்றி, காலைச் சீக்கிரம் சீக்கிரமாகச் சுற்றவிடுகிறேன். முட்டிமேல் விழும் பாரம் குறைகிறது. தூரத்தையும் அளந்தே கூட்டுகிறேன். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், இன்னும் போகலாம் என்று ஆசை காட்டும். தசைநாண்கள் பழக மாதக்கணக்கு ஆகும். மூச்சை நம்பி நான் முட்டியை இழுத்துப் போனதும் அந்த நாலு நாளில் செய்த தவறுதான்.

வீங்கினால், முட்டி பூட்டிக்கொண்டால் டாக்டரிடம் போக வேண்டும், அதில் பேச்சில்லை. மற்றபடி முட்டியைச் சும்மா வைத்திருப்பது அதற்குச் செய்யும் உபகாரம் என்று இப்போது நான் நம்புவதில்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது அழுந்தி விரிந்து, உள்ளே ஊறும் திரவத்திலிருந்துதான் அது தன் உணவை எடுத்துக்கொள்கிறது.

படி இறங்கும்போது இப்போது வலி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்றாள். அவளும் நானும் ஒரே உயரம்.

"சீட்ட மட்டும் கொஞ்சம் எறக்கிக் குடுங்க அண்ணி."

"எறக்க வேணாம். நீ ஏறு, நான் கேரியரப் பிடிச்சுக்கறேன்."