துப்புரவு மீனும் நமது கடமையும்

அறம் பற்றிய வினாக்கள் போர்க்களத்திலும் நீதிமன்றத்திலும் மட்டுமே எழுவன என்று எண்ணுவது நம்மிடையே உள்ள ஒரு பழக்கம். வீட்டுக் கூடத்தில், சுவரோரமாக வைத்த ஒரு கண்ணாடித் தொட்டியின் முன்னும் அவை எழக்கூடும். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவைப் பஸ்ஸிலே கடந்து, பொலித்தீன் பையொன்றில் அடைபட்டுக் கல்முனைக்கு வந்துசேரும் ஐந்தாறு கெளுத்திக் குஞ்சுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை நாம் உண்பதற்காக வாங்கவில்லை, விற்பதற்காகவும் வாங்கவில்லை. பார்த்து மகிழ்வதற்காகவும், தொட்டியைத் துப்புரவாக வைத்திருப்பதற்காகவுமே வாங்கினோம். இவ்வாறு தேவையின்றி, விருப்பத்தினால் மட்டும் நமது ஆட்சிக்குள் கொண்டுவந்த ஓர் உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது? ஆராய வேண்டிய வினா இதுவே.

இதைக் கேட்டதும் நகைப்போர் பலர் இருப்பர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரமாக நீளும் எமது ஊர்கள் வயலையும் தறியையும் போலவே கடலையும் நம்பி வாழ்பவை. கரைவலை இழுபடும் காலங்களில் ஆயிரமாயிரம் மீன்கள் மணலிலே துடித்து அடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். கெளுத்தி நமது சட்டியிலே கொதிப்பது புதுமையன்று. “மீனைத் தின்று வளர்ந்த ஊரிலே ஒரு விரல் நீள மீனுக்காக அறம் பேசுவதா?” என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது.

உணவுக்காகக் கொல்லுதலில் ஒரு தேவை உண்டு; அத்தேவைக்கு ஓர் எல்லையும் உண்டு. வலை இழுக்கும் தொழிலாளி எந்த மீனையும் தன் பொறுப்பில் வாழவைப்பதாக ஏற்றுக்கொண்டவனல்லன். தொட்டியில் வளர்ப்பவனுடைய நிலை வேறு. மீன் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் அதை வாங்குகிறான். அதன் நீர், அதன் உணவு, அதன் வெப்பம், அதன் துணை அனைத்தையும் அவனே தீர்மானிக்கிறான். தனக்கென எதையும் தேடிக்கொள்ள இயலாத நிலையில் ஓர் உயிரை வைத்தபின், அதற்கு வேண்டியதைத் தேடிக்கொடுக்கும் கடமை வைத்தவனையே சாரும். அவனுடைய கவனக்குறைவால் அம்மீன் இறக்குமாயின், அது எவருடைய பசியையும் தீர்க்காத சாவு.

மீனுக்கு வலி உண்டா என்ற ஐயமும் சிலருக்கு எழலாம். விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதைவிட, அவை துன்புறுமா என்பதே அறத்துக்குரிய கேள்வி என்று ஆங்கிலேய அறிஞர் பெந்தம் 1789 இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 2003 இல் லின் ஸ்னெடனும் அவருடைய தோழர்களும் திரௌட்டு மீனின் உதடுகளில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தி ஆராய்ந்தனர். அம்மீன்கள் இரையை வெறுத்தன, உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன, உடலை அசைத்தாடின. மீனின் உள்ளத்தில் நிகழ்வது எத்தகையது என்பது பற்றிய விவாதம் தொடர்கிறது. ஆயினும், அதற்கு எதுவும் உறைக்காது என்று உறுதியாகச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஐயத்தின் பயனைப் பலமுள்ளவன் தனக்கே எடுத்துக்கொள்வது நீதியாகாது.

எமது ஊர்களில் ஓதற்பள்ளிக் காலத்திலேயே பிள்ளைகள் கேட்டு வளரும் ஒரு செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. பூனையொன்றை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதே அது. அவள் செய்த குற்றம் இரு பகுதியானது: அதற்கு அவள் உணவளிக்கவுமில்லை, அது தானே இரை தேடிக்கொள்ளுமாறு அவிழ்த்துவிடவுமில்லை. இன்னொரு செய்தியில், சின்னஞ்சிறு பறவையொன்றை வளர்த்த சிறுவனிடம் நாயகம் அவர்கள் அன்போடு அதைப்பற்றி விசாரிக்கிறார்கள். வளர்த்தல் கண்டிக்கப்படவில்லை. பொறுப்பை ஏற்காமல் அடைத்துவைத்தலே கண்டிக்கப்படுகிறது.

அப்பொறுப்பின் முதற்படி, மீன் வந்துசேரும் நாளிலேயே தொடங்குகிறது. உண்மையில் அதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே அது தொடங்கியிருத்தல் வேண்டும். புதிய தொட்டி கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் அது உயிர்வாழ்வதற்கு உகந்த நீராகிவிடாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதனை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், பிறிதொருவகை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் தொட்டியில் நிலைகொள்வதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். குழாய்நீராயின் குளோரீனை நீக்கவேண்டும். கிணற்றுநீராயின் அதன் உவர்த்தன்மையை அறியவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி எமது கரையை அழித்தபோது கிணறுகள் பலவும் உப்பேறிப்போயின. நல்ல தண்ணீர் என்பது எத்தகைய செல்வம் என்பதை இக்கரையில் வாழ்வோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மென்னீர் ஆறுகளிலிருந்து வந்த செதிலற்ற கெளுத்தி இனங்கள் பலவும் உப்பைத் தாங்குவதில் வலிமையற்றவை என்பதைமட்டும் சேர்த்துக் கூறலாம்.

மீன் வந்ததும் பையை வெட்டித் தொட்டியில் கவிழ்த்துவிடுவது பலரது வழக்கம். அது அன்பின் அவசரம், எனினும் அறியாமையே. பையை மூடியபடியே இருபது நிமிடமளவு தொட்டியில் மிதக்கவிட்டால் இரு நீர்களின் வெப்பமும் ஒத்துவரும். பின்னர் தொட்டி நீரைச் சிறிதுசிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனைப் புதிய நீருக்குப் பழக்கவேண்டும். இது அண்மையிலுள்ள கடையில் வாங்கிய மீனுக்குப் பொருந்தும். நெடுந்தொலைவு பயணம் செய்த மீனுக்கு இதே முறை கேடாகவும் முடியலாம். அடைத்த பையில் அமோனியா சேரும் அதேவேளை, மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டு அந்நீரை அமிலமாக்குகிறது. அமில நீரில் அமோனியாவின் பெரும்பகுதி நச்சுக் குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அடங்கிக் கிடந்தது மீண்டும் கொடிய நஞ்சாகும். ஆகவே நெடுவழி வந்த மீனைத் திறந்த பையில் நீண்டநேரம் வைத்திருப்பது, மெதுவாகக் கொல்வதை ஒக்கும். வெப்பம் ஒத்துவந்ததும், முன்கூட்டியே சீர்செய்த நீருக்கு அதனை விரைந்து மாற்றுவதே தக்கது.

இவ்விடத்தில் நாம் கற்கவேண்டிய பாடம் மீன் வளர்ப்பைக் கடந்து செல்கிறது. ஒரே செயல் ஓரிடத்தில் பரிவாகவும் இன்னோரிடத்தில் கொடுமையாகவும் அமைகிறது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது நல்லெண்ணமன்று, அறிவே. “நன்மை செய்யவே நினைத்தேன்” என்ற சொல் இறந்த உயிருக்கு ஈடாகாது. ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பற்றி அறிந்துகொள்வதும் அப்பொறுப்பின் ஒரு பகுதியே.

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறலாம். கெளுத்தியின் துடுப்பு முள் வலையிற் சிக்கும். ஆதலால் கிண்ணத்தால் ஏந்துதல் நலம். பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. வேறு மீன்கள் இருப்பின், புதியவற்றை இரண்டு முதல் நான்கு கிழமைகள் வரை தனித்துவைத்து நோயில்லை என்று கண்டபின்பே சேர்க்கவேண்டும். முதல்நாளில் விளக்கை அணைத்து அவற்றை அமைதியாக விடவேண்டும். கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்திகள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றை மட்டும் வாங்கித் தனிமையில் வைப்பது பிழை. அவற்றின் மீசைகள் நிலத்தைத் தடவி இரை தேடும் உறுப்புகள். ஆதலால் கூரிய கற்கள் ஆகா, மென்மணலே வேண்டும்.

இனி, பெயரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். கடைத்தெருவில் இவ்வினங்களை எவரும் அவற்றின் பெயரால் அழைப்பதில்லை. ‘டேங்க் கிளீனர்’ என்பதே அவற்றுக்கு வழங்கும் பெயர். பெயர் வைத்த மாத்திரத்திலேயே ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. துப்புரவு செய்வதற்கென வந்தது, மற்றவை உண்டு கழித்ததைக் கொண்டே வாழட்டும் என்பதே அத்தீர்ப்பு. மீனின் கழிவைக் கோரிடோராஸ் உண்பதில்லை. பாசியை மேயும் பெரிய கெளுத்திக்கும் தொட்டிச் சுவரில் படியும் பாசி போதாது. அடித்தளத்தில் அமிழும் உணவைத் தனியே இடாதபடியால், வண்ண மீன்கள் கொழுக்க, துப்புரவு மீன் பட்டினியால் மெலிந்து சாகிறது. வாங்கியவர் அதைக் கவனிப்பதுமில்லை. ஏனெனில் அவர் அங்கே கண்டது ஓர் உயிரையன்று, ஒரு கருவியையே.

இந்தப் பார்வை தொட்டியோடு நின்றுவிடுவதா? பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், நகரங்களைத் துப்புரவு செய்வதற்கென்றே தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதியினரை இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுடைய உழைப்பு நகருக்கு வேண்டியிருந்தது. அவர்களுடைய வாழ்வு எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. மனிதனையும் மீனையும் ஒன்றென வைப்பது என் கருத்தன்று. அழுக்கை அகற்றும் எவரையும் அவ்வழுக்கோடேயே சேர்த்துக் காணும் நமது கண்ணின் பழக்கத்தையே சுட்டுகிறேன். காலையில் வீதியைக் கூட்டிச்செல்லும் தொழிலாளியின் பெயரைக் கேட்டறியாத ஒருவர், தொட்டியின் அடியில் கிடக்கும் கெளுத்தி பசித்திருப்பதை எங்ஙனம் அறிவார்?

பெரிய கெளுத்தியின் கதை இன்னும் கடுமையானது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, உறிஞ்சும் வாயும் கவசம் போன்ற உடலும் உடைய இவ்வினம், கடையில் ஒரு விரலளவே இருக்கும். முழுவளர்ச்சியில் ஓரடியையும் கடந்துவிடும். தொட்டி போதாமற் போனதும், “பாவம், சுதந்திரமாக வாழட்டும்” என்று வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். இலங்கையின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இம்மீன் பரவியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். இந்தியாவிலும் இதே நிலை. கரைகளில் வளை தோண்டி அவற்றை அரிப்புக்கு உள்ளாக்குகிறது. வலைகளைச் சேதப்படுத்துகிறது. நாட்டு மீன்களின் உணவைப் பங்கிடுகிறது. மெக்சிக்கோவின் இன்பியெர்னியோ நீர்த்தேக்கத்தில், மீனவரின் வலைகளை இவ்வினமே நிறைக்கும் நிலை உண்டாகி, திலாப்பியாவை நம்பிய அவர்களது தொழில் நலிந்தது. கிட்டங்கிக் களப்பிலும் எமது வயல் வாய்க்கால்களிலும் மீன் பிடித்து அன்றாடம் வயிறு கழுவும் ஏழைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டுக் கூடத்தின் இரக்கத்துக்கு அவர்கள் விலை கொடுக்கவேண்டுமா?

இங்கேதான் பழைய அறத்துக்கும் புதிய நிலைமைக்கும் இடையே ஒரு முடிச்சு விழுகிறது. பூனையை அடைத்தவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன: ஊட்டுவது அல்லது விடுவது. அயல்நாட்டு மீனை வாங்கியவனுக்கோ இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது. விடுவது அந்த மீனுக்குக் கருணையாயினும், களப்பின் உயிர்களுக்கும் அதனை நம்பிய மனிதருக்கும் தீங்காகும். வழி ஒன்றே எஞ்சும்போது அவ்வழியின் சுமை இரட்டிப்பாகிறது. வளர்க்க இயலாவிடின் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உடையவரிடம் ஒப்படைக்கலாம். எதுவும் கைகூடாதபோது, மீனை மயக்கமுறச் செய்யும் கராம்பு எண்ணெய் போன்றவற்றின் துணையோடு, அறிந்தவரைக் கேட்டு, துன்பமின்றி அதன் உயிரை முடிப்பதும் வாய்க்காலில் விடுவதைவிட மேலானதே. இது கேட்பதற்கு இனிய முடிவன்று. எனினும் தன் மனத்தின் அமைதிக்காகப் பிறர்மீது தீங்கை இறக்கிவைப்பது கருணை என்ற பெயருக்கு உரியதாகாது.

ஆதலால் உண்மையான தீர்மானம் வாங்கும் வேளையிலேயே எடுக்கப்படவேண்டும். இது எவ்வளவு வளரும்? எத்தனை ஆண்டு வாழும்? என்ன உண்ணும்? எனக்கு இது சலித்துப்போனபின் இதன் கதி என்ன? கடையின் முன்னே நின்று இக்கேள்விகளைக் கேட்பவர் பலர் வாங்காமலே திரும்பக்கூடும். அதுவும் ஓர் அறச்செயலே. வாங்குவோர், சிறிய இனத்தைத் தேர்ந்து, நீரை முன்னரே ஆயத்தஞ்செய்து, அடித்தளத்து மீனுக்கும் தனியே உணவிட்டு வளர்ப்பாராக.

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் அதன்முன் முதலில் வந்து நிற்பது குழந்தைகளே. பலவீனமான உயிரொன்று தமது கையில் கிடைத்தால் பெரியவர்கள் அதனை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதை அவர்கள் அங்கே கற்கின்றனர். கற்றதை அவர்கள் மீனோடு நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. நாளை அவர்களிடம் கூலிக்கு வேலை செய்யப்போகும் மனிதனையும், வாசலைக் கூட்டப்போகும் பெண்ணையும் அதே கண்கொண்டுதான் பார்ப்பார்கள்.